பல் இம்ப்ளான்ட் வைக்கப் போகிறீர்களா? தையல் போட்ட அன்றிலிருந்து கேப் மாட்டும் வரை

எனக்குக் கீழ்த்தாடையில் வலப்பக்கம் இரண்டு கடைவாய்ப் பல் போய், அந்த இடத்தில் இரண்டு இம்ப்ளான்ட் வைத்தார்கள், அதாவது தாடை எலும்புக்குள் ஒரு திருகை இறக்கி, அது பிடித்தபின் மேலே கேப் என்கிற செயற்கைப் பல்லை மாட்டுவது. ஒன்று நின்றது. இன்னொன்று ஏழாவது வாரம் ஆடிக் கழன்றது, பெரும்பாலும் என் தப்பால். ஐந்து மாதத்தில் முடிய வேண்டிய வேலை ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. ஆபரேஷனை நினைத்துத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள், ஆனால் அது முக்கால் மணி நேர வேலை, மரத்துப்போகும் ஊசி போட்டபின் வலியே தெரியாது. அதற்கப்புறம் வலியும் இல்லாமல் பல்லும் இல்லாமல் காத்திருக்கிற அந்த மூன்று மாதத்தில்தான் நாம் கெடுத்துக்கொள்கிறோம். நான் டாக்டர் இல்லை, உங்கள் டாக்டர் சொல்வது இதற்கு மாறாக இருந்தால் அவர் பேச்சையே கேளுங்கள்.

1. ஆபரேஷனுக்கு முன்: உடம்பு சம்பந்தப்பட்ட கணக்கு

சர்க்கரை இருக்கிறவர்கள் எச்பிஏ1சி பரிசோதனை எடுத்துக்கொண்டு போங்கள். அன்றைய சர்க்கரை அளவு நன்றாக இருக்கிறது என்று சொல்வதெல்லாம் இதில் செல்லாது, மூன்று மாத சராசரிதான் முக்கியம். எனக்கு 8.6 வந்தது. ஏழுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டு வா என்று டாக்டர் திருப்பி அனுப்பினார். அப்போது கடுப்பாகத்தான் இருந்தது. சர்க்கரை ஏறியிருந்தால் புண்ணும் லேசில் ஆறாது, எலும்பும் திருகைச் சரியாகப் பிடிக்காது என்பது பின்னால்தான் புரிந்தது.

மறைக்காமல் சொல்ல வேண்டிய மாத்திரைகள் இரண்டு வகை. ஒன்று, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாதிரியானவை. இதை நீங்களாக நிறுத்தவே கூடாது, இதய டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். இரண்டு, எலும்புத் தேய்மானத்துக்காக வாரம் ஒருமுறை போடும் அலெண்ட்ரோனேட் மாத்திரை, வருஷம் ஒருமுறை போடும் சோலெட்ரோனிக் ஆசிட் ஊசி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி. இவற்றால் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் புண்ணாகவே நின்றுவிடும். வீட்டில் வயதான அம்மாவுக்கு இம்ப்ளான்ட் வைப்பதாக இருந்தால் இதைக் கட்டாயம் கேளுங்கள், அவர்கள் அதை "கால்சியம் ஊசி" என்றுதான் சொல்வார்கள்.

சிகரெட் பிடிக்கிறவர்களுக்கும் பாக்கு போடுகிறவர்களுக்கும்: குறைந்தபட்சம் ஒரு வாரம் முன்னாலும் இரண்டு மாதம் பின்னாலும் விட முடியாது என்றால் இந்தப் பணத்தை வேறு எதற்காவது செலவு செய்யலாம்.

2. பணமும் காகிதமும்

மூன்று இடத்தில் விலை கேட்டேன். ஒரு பல்லுக்கு 24,000, 36,000, 52,000 என்று சொன்னார்கள். 24,000 சொன்ன இடத்தில் உட்கார்ந்து பேசியபோதுதான் தெரிந்தது, அது எலும்புக்குள் போகும் திருகுக்கு மட்டும். மேலே வரும் இணைப்புக்கும் கேப்புக்கும் தனி. அதையும் சேர்த்தால் 36,000-ஐத் தாண்டியது. அதனால் விலை கேட்கும்போது இப்படிக் கேளுங்கள்: திருகு, இணைப்பு, கேப், சிபிசிடி ஸ்கேன் (தாடையை முப்பரிமாணத்தில் காட்டுவது), எலும்பு போதாமல் எலும்புத்தூள் நிரப்பத் தேவைப்பட்டால் அது, தையல் பிரிப்பது, நடுவில் எடுக்கும் எக்ஸ்ரே, இதில் எதெல்லாம் சேர்த்தி? ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முன்பணம் மொத்தத்தையும் கட்டாதீர்கள். திருகு வைக்கும்போது பாதி, கேப் மாட்டும்போது மீதி என்பது வழக்கம்தான், கேட்டால் ஒத்துக்கொள்வார்கள்.

"வாரண்டி உண்டு" என்பார்கள். பெரும்பாலும் அது திருகுக்கு மட்டும். கழன்றால் கம்பெனி புதுத் திருகு தரும், மறுபடி வைக்கும் கூலி, ஸ்கேன், எலும்புத்தூள் எல்லாம் உங்கள் கையிலிருந்துதான். இதையும் எழுத்தில் கேளுங்கள்.

மெடிக்ளெய்ம் இருக்கிறதே என்று நம்பாதீர்கள். சாதாரண மருத்துவக் காப்பீட்டில் விபத்தில் பல் உடைந்தால் தவிர மற்ற பல் வைத்தியத்துக்குப் பணம் வராது. வெளிநோயாளிச் செலவுக்கும் பல்லுக்கும் தனியாகச் சேர்த்த பாலிசி என்றால் முன்கூட்டியே இமெயிலில் கேட்டு, பதிலை வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள். பில்லில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும், ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனித் தொகை போட்டிருக்க வேண்டும்.

அடுத்தது ஸ்டிக்கர். மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஒவ்வொரு திருகும் ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பியில், சீல் வைத்து வரும். அந்த உறையில் உரித்து ஒட்டுகிற மாதிரி ஸ்டிக்கர் இருக்கும், கம்பெனி பெயர், குறுக்களவு, நீளம், லாட் எண் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். ஒன்றை டாக்டர் தன் ஃபைலில் ஒட்டுவார், ஒன்றை உங்களுக்கு ஒரு அட்டையில் ஒட்டித் தர வேண்டும். எனக்குத் தரவில்லை, நானும் கேட்கவில்லை. மதுரையில் திருகு வைத்தார்கள், அப்புறம் வேலை மாற்றலாகிக் கோயம்புத்தூர் வந்துவிட்டேன். இங்கே டாக்டர் திருகின் மேல்மூடியைச் சுழற்றி எடுக்கப் பார்த்தால் அவரிடம் இருந்த எந்த ஸ்க்ரூ டிரைவரும் அதில் பொருந்தவில்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும் தலை வேறுவேறு. எக்ஸ்ரே பார்த்து ஊகித்தார், இரண்டு பேரிடம் படத்தை அனுப்பிக் கேட்டார். பழைய கிளினிக்கில் "ஃபைல் தேடிப் பார்க்கிறோம் சார்" என்று பதினொரு நாள் ஓட்டினார்கள். ஒரு தபால்தலை அளவுக் காகிதத்துக்காகப் பதினொரு நாள்.

3. நாளைத் தேர்ந்தெடுப்பது

லீவு மிச்சம் பிடிக்கிறேன் என்று சனிக்கிழமை வைத்துக்கொண்டேன். ஞாயிறு காலை தலையணையில் ரத்தக் கறை. கிளினிக் பூட்டு, போனை யாரும் எடுக்கவில்லை. கடைசியில் அது எச்சிலோடு கலந்த கொஞ்சம் ரத்தம்தான், சாதாரணம்தான், ஆனால் அன்று பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். செவ்வாய் அல்லது புதன் வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று நாள் கிளினிக் திறந்திருக்க வேண்டும். உட்கார்ந்து செய்கிற வேலை என்றால் இரண்டு நாள் லீவு போதும். மூட்டை தூக்குகிற, வெயிலில் அலைகிற வேலை என்றால் நான்கைந்து நாள். நாள் முழுக்கப் பேசுகிற ஆசிரியர்களும் அப்படித்தான்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள், முழு மயக்கம் கொடுப்பதாக டாக்டர் சொல்லியிருந்தால் தவிர. முக்கியமாகச் சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், ஏனென்றால் வந்தபின் நான்கு மணி நேரத்துக்கு உதடு மரத்துக் கிடக்கும், சரியாகச் சாப்பிட முடியாது, மாத்திரை மட்டும் வேலை செய்து சர்க்கரை இறங்கிவிடும். போகிற வழியிலேயே மருந்துக் கடையில் மாத்திரையை வாங்கிவிடுங்கள், வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ் தயாராக இருக்கட்டும்.

4. முதல் 24 மணி நேரம்

கடித்துக்கொள்ளச் சொல்லி பஞ்சு வைப்பார்கள். முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள். நடுவில் நடுவில் எடுத்துக் கண்ணாடியில் பார்க்காதீர்கள், பார்க்கப் பார்க்க ரத்தம் வரும்.

துப்பக் கூடாது. இது நம் ஆட்களுக்கு ரொம்பக் கஷ்டம். வாயில் ரத்த ருசி வந்தாலே எழுந்து ஓடித் துப்புகிறோம், கொப்பளிக்கிறோம். அப்படிச் செய்தால் புண்ணில் உறைந்த ரத்தக்கட்டி பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். விழுங்கிவிடுங்கள், அல்லது குனிந்து வாயைத் திறந்து தானாக வழிய விடுங்கள். இளநீர் குடிக்கலாம், ஆனால் ஸ்ட்ரா போட்டு உறியக் கூடாது, டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள்.

ஐஸை மெல்லிய துண்டில் சுற்றிக் கன்னத்தின் வெளியே 15 நிமிஷம் வைத்து, 15 நிமிஷம் எடுத்து, விழித்திருக்கும் வரை. இதை முதல் நாளே செய்தால்தான் பலன். மூன்றாம் நாள் வீங்கியபின் ஐஸ் வைத்து ஒன்றும் ஆகாது.

வலி மாத்திரையை மரப்பு போவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் பாதியில் நிறுத்தாதீர்கள். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்றால் சீட்டு எழுதும்போதே சொல்லிவிட வேண்டும். மெட்ரோனிடசோல் எழுதியிருந்தால் அந்த நாட்களில் ஒரு சொட்டு மதுவும் கூடாது.

தலைக்கு இரண்டு தலையணை. புண் இருக்கும் பக்கம் சாய்ந்து படுக்காதீர்கள்.

இந்த இடத்தில் வீட்டுப் பெரியவர்கள் உள்ளே வருவார்கள். "சூடா மிளகு ரசம் குடிச்சா எல்லாம் சரியாயிடும் மாப்ளே" என்றார் என் அத்தை, கையில் டம்ளரோடு. மறுக்கவும் முடியாது, வாங்கி வைத்து ஆறவிட்டு மறுநாள் குடித்தேன். சூடு, காரம் இரண்டும் ஆகாது. கிராம்புத் தைலம், மஞ்சள்தூள், கல் உப்பு எதையும் தையல் மேல் வைக்க விடாதீர்கள்.

5. சாப்பாடு: முதல் பத்து நாள்

முதல் நாள் ஆறிய ராகிக் கூழ், சத்துமாவுக் கஞ்சி, மோர், பருப்பில்லாத ஐஸ்கிரீம். இரண்டாம் நாளிலிருந்து குழையப் பிசைந்த தயிர் சாதம், சாம்பாரில் ஊறிய இட்லி காரமில்லாமல், அவித்த முட்டை, வாழைப்பழம்.

தயிர் சாதத்தைத் தாளிக்காதீர்கள். சிரிக்க வேண்டாம். நான்காம் நாள் ஒரு கடுகு தையல் நூலுக்கும் ஈறுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. போன் டார்ச்சை வாய்க்குள் அடித்துக் கண்ணாடியில் பார்த்தால் கறுப்பாக ஒரு புள்ளி. நாக்கால் நெம்பினேன், வரவில்லை. விரலால் தொட்டேன், நூல் இழுத்தது. கடைசியில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்துத் தலையை அந்தப் பக்கம் சாய்த்து ஐந்தாறு முறை வழியவிட்டபின் போனது. எள், ரவை, சட்னியில் தேங்காய்த் துருவல், கீரைத் தண்டு எல்லாம் இதே ரகம்.

ஊசி, குண்டூசி, ஊக்கு, தீக்குச்சி எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

6. இரண்டாம் நாளிலிருந்து தையல் பிரிக்கும் வரை

மற்ற பற்களை அன்று இரவே மெதுவாகத் துலக்கலாம், துலக்க வேண்டும். தையல் இடத்தை மட்டும் டாக்டர் சொல்லும் வரை தொடாதீர்கள்.

24 மணி நேரம் கழித்து, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு, சாப்பிட்டபின் ஒவ்வொரு முறையும். கொப்பளிப்பது என்றால் களகளவென்று இல்லை, வாயில் வைத்து ஆட்டாமல் வழியவிடுவது.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் எழுதித் தருவார்கள், காலை இரவு இரண்டு வேளை. பேஸ்ட் போட்டுத் துலக்கிய உடனே இதை ஊற்றினால் பேஸ்ட்டில் இருக்கும் நுரைப்பொருள் மருந்தை வேலை செய்ய விடாது, அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள். பத்து நாளில் பல்லில் பழுப்புக் கறை படியும், காபியில் ருசி தெரியாது. இரண்டும் போய்விடும். டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் நீங்களாகத் தொடராதீர்கள்.

வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும், அப்புறம் இறங்கும். கன்னத்தில் பச்சையும் மஞ்சளுமாகக் கன்றுவதும் உண்டு. புண்ணின் மேல் வெள்ளையாக ஒரு படலம் வரும், அதைச் சீழ் என்று நினைத்துச் சுரண்டாதீர்கள், ஆறுகிற புண்ணின் தோல் அது.

தையல் 7 முதல் 10 நாளில் பிரிப்பார்கள். ஐந்து நிமிஷ வேலை, மரப்பு ஊசிகூட வேண்டாம்.

உடனே போன் செய்ய வேண்டியவை: அழுத்திப் பிடித்தும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்காத ரத்தம். நான்காம் நாளுக்குப் பிறகு குறையாமல் ஏறுகிற வீக்கம் அல்லது வலி. காய்ச்சல், சீழ், கெட்ட வாடை. அப்புறம் முக்கியமாக, கீழ்த்தாடையில் வைத்தவர்களுக்கு மறுநாள் காலையும் உதடோ மோவாயோ மரத்தே இருந்தால், சரியாகிவிடும் என்று ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். திருகு நரம்பை அழுத்துகிறதா என்று உடனே பார்க்க வேண்டும், தாமதமானால் மரப்பு நிலைத்துவிடலாம். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால் கிளினிக்குக்கு இல்லை, நேராகப் பெரிய ஆஸ்பத்திரி.

மேல்தாடையில் கடைவாய்ப் பக்கம் வைத்தவர்கள் இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். மூக்கோடு சேர்ந்த காற்றறையான சைனஸ் அதற்கு மேலே பக்கத்திலேயே இருக்கிறது.

7. நான் கோட்டை விட்ட இடம்: மூன்று மாதக் காத்திருப்பு

இரண்டு வாரம் முடிந்ததும் எல்லாம் முடிந்த மாதிரி இருக்கும். வலி இல்லை, வீக்கம் இல்லை, ஈறு இளஞ்சிவப்பாக மூடிவிட்டது. உள்ளே நடப்பது வேறு. திருகு வைத்த அன்று அதைப் பிடித்திருப்பது வெறும் இறுக்கத்தால் வரும் பிடிப்புதான், மரத்தில் ஆணி நிற்கிற மாதிரி. அந்தப் பழைய பிடிப்பு வாரம் ஆக ஆகத் தளர்கிறது, புது எலும்பு வளர்ந்து பிடிக்க நாளாகிறது. நடுவில் மூன்றாவது நான்காவது வாரத்தை ஒட்டித்தான் பிடிப்பு மிகக் குறைவு, நமக்குத் தைரியம் வருவதும் சரியாக அப்போதுதான். அந்த நேரத்தில் திருகு கொஞ்சம் கொஞ்சமாக அசைந்துகொண்டே இருந்தால் எலும்புக்குப் பதில் நார்த்திசு வந்து சூழ்ந்துகொள்ளும். அப்புறம் அது நிற்காது.

எனக்கு ஈறுக்கு மேலே தெரிகிற மாதிரி ஒரு உலோக மூடி வைத்திருந்தார்கள். ஆறாவது வாரம் ஒரு சீமந்த வீட்டில் சீடை கொடுத்தார்கள். இடப்பக்கம்தான் கடித்தேன், பேச்சு சுவாரஸ்யத்தில் வலப்பக்கம் போய்விட்டது. வலிக்கவில்லை. வலிக்கவில்லையே என்று அதற்கப்புறம் அந்தப் பக்கம் சப்பாத்தி, கறி என்று ஆரம்பித்துவிட்டேன். பத்து நாளில் நாக்கு பட்டபோது மூடி சுற்றியது. மூடி மட்டும் தளர்ந்திருந்தால் ஒன்றுமில்லை, திருகி இறுக்கிவிடுவார்கள். எனக்குத் திருகோடு சேர்ந்து சுற்றியது. எடுத்துவிட்டு, எலும்பு ஆற மூன்று மாதம், மறுபடி வைத்து மறுபடி மூன்று மாதம்.

கீழ்த்தாடைக்கு ஏறக்குறைய மூன்று மாதம், மேல்தாடை எலும்பு மென்மையானது என்பதால் நான்கு முதல் ஆறு மாதம், எலும்புத்தூள் வைத்திருந்தால் இன்னும் கூட. அது வரை அந்தப் பக்கம் முறுக்கு, கடலை மிட்டாய், நல்லி எலும்பு, பனங்கிழங்கு, கரும்பு கிடையாது. தூக்கத்தில் பல் நறநறவென்று கடிக்கிற பழக்கம் இருந்தால் (உங்களுக்குத் தெரியாது, பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள்) டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள், கேப் போட்டபின் இரவில் மாட்டிக்கொள்ள ஒரு தகடு செய்து தருவார்கள்.

மூடி வெளியே தெரிகிறது என்றால் அதைச் சுற்றி மென்மையான பிரஷால் தினம் துலக்க வேண்டும். தொடப் பயந்து விட்டுவிட்டால் அழுக்கு சேர்ந்து ஈறு புண்ணாகும்.

8. கேப் மாட்டும் நாள்

அளவெடுக்க ஒரு முறை, மாட்டிப் பார்க்க ஒரு முறை என்று இரண்டு அல்லது மூன்று தடவை போக வேண்டியிருக்கும், இரண்டு வாரம் ஆகும். முன்பே கேளுங்கள்: கேப்பைத் திருகி மாட்டுவீர்களா, சிமென்ட் போட்டு ஒட்டுவீர்களா? திருகி மாட்டினால் பின்னால் கழற்றிச் சுத்தம் செய்வது சுலபம். ஒட்டினால், ஈறுக்குள் மிஞ்சிய சிமென்ட் துணுக்கு இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் வரும் ஈறு வீக்கத்துக்கு அந்தத் துணுக்கு ஒரு முக்கியக் காரணம்.

கலர்த் தாளைக் கடிக்க வைத்து உயரம் பார்ப்பார்கள். கொஞ்சம் உயரமாகத் தோன்றினாலும் சொல்லிவிடுங்கள், பழகிவிடும் என்று எழுந்து வராதீர்கள். சொந்தப் பல்லுக்கு அடியில் மெத்தை மாதிரி ஒரு சவ்வு உண்டு, அழுத்தினால் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். இம்ப்ளான்டுக்கு அது இல்லை, மொத்த அடியும் எலும்பில் விழும்.

9. அப்புறம் தினமும்

இம்ப்ளான்ட் சொத்தையாகாது, உண்மைதான். ஆனால் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் கெடும், அதுவும் பெரும்பாலும் வலிக்காமல் கெடும். துலக்கும்போது அந்த இடத்தில் மட்டும் ரத்தம் வருகிறதா என்பதுதான் உங்களுக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை. ஈறோடு நிற்கும்போது கவனித்தால் சுத்தம் செய்தாலே சரியாகும், எலும்புக்கு இறங்கிவிட்டால் ஆபரேஷன் வரை போகும்.

சாதா பிரஷ் மட்டும் போதாது. பல்லிடுக்கில் நுழைக்கும் குட்டி பிரஷ் வாங்குங்கள், உள்ளே இருக்கும் கம்பிக்கு மேல் பிளாஸ்டிக் பூச்சு உள்ளதாக. உங்கள் இடுக்குக்கு எந்த அளவு என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், இறுக்கித் திணித்தால் ஈறு கிழியும். இரவு படுக்கப் போகும் முன் ஒரு முறை, இரண்டு நிமிஷம். தண்ணீர் பீய்ச்சும் கருவி வசதிதான், ஆனால் பிரஷுக்குப் பதில் ஆகாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளீனிங். வேறு கிளினிக் போனால் "இது இம்ப்ளான்ட்" என்று உட்காரும்போதே சொல்லுங்கள், சாதாரண இரும்பு முனையால் சுரண்டினால் கீறல் விழும். வருஷம் ஒரு எக்ஸ்ரே. முதல் வருஷம் சுமார் ஒரு மில்லிமீட்டர் எலும்பு இறங்குவது சகஜம், அதன்பின் வருஷத்துக்கு 0.2 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். பழைய எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டால்தான் இது தெரியும் என்பதால் ஒவ்வொரு படத்தையும் வாட்ஸாப்பில் வாங்கிச் சேமியுங்கள், கிளினிக் கம்ப்யூட்டரை நம்பாதீர்கள்.

என்றைக்காவது கேப் கழன்று கையோடு வந்தால் பதறாதீர்கள், திருகு உள்ளே ஆடாமல் இருந்தால் பெரிய விஷயமில்லை. கடையில் விற்கும் பசையால் நீங்களாக ஒட்டிவிடாதீர்கள். சின்ன டப்பாவில் போட்டு, ஸ்டிக்கர் அட்டையையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். என் அட்டை இப்போது ஆதார் நகலோடு ஒரே கவரில் இருக்கிறது, போட்டோ மனைவியின் போனிலும்.